ஊறி வர்ற நேரம்

இன்னிக்கும் மோட்டார் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கேட்டைத் திறந்த அளவுக்காரருக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு. மாசம் ஒரு தடவை கிணத்துக்குள்ள டேப் விட்டு, நிலத்தடித் தண்ணி எவ்வளவு ஆழத்துல கிடக்குன்னு எழுதிட்டுப் போறதுதான் அவர் வேலை.

"அண்ணே! நாளைக்கு வர்றேன், மோட்டார் போடாதீங்கன்னு நேத்தே போன்ல தொண்டை கிழியச் சொன்னேனா இல்லையா?"

"அடடா, மறந்துட்டேன் தம்பி!" வீட்டுக்காரரான ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஓடிப்போய் அணைச்சார். "தண்ணி பழையபடி ஊறி வர ரெண்டு மணி நேரம் ஆகுமே, அப்புறம்தானே அளக்க முடியும். உட்காருங்க, சீட்டு காலியாத்தான் இருக்கு."

சீட்டு என்ன, வீடே காலி. ஒண்டி ஆளு. ஆனா மர நிழல்ல நாற்காலி மட்டும் ரெண்டு. பக்கத்துல ஃபிளாஸ்க் நிறைய டீ.

"தெருவே ஒரு குடம் தண்ணிக்கு அல்லாடுது. ஒத்த ஆளு எதுக்கண்ணே இப்படி உறிஞ்சுறீங்க? பூமிக்கு அடியில காம்பவுண்டுச் சுவரா இருக்கு? நீங்க இழுத்தா அடுத்த வீட்டுக் கிணறும்தான் இறங்கும்!"

முப்பது வருஷம் சில்லறைக்குச் சண்டை போட்ட மனுஷன், தம்ளர்ல டீயை ஊத்தினார்.

"விடுங்க, இனிமே இந்த ரோதனை கிடையாது. போன தடவை உள்ளே ஒரு கருவி இறக்கினேனே, அதுவே மணிக்கு மணி அளந்து ஆபீசுக்கு அனுப்பிடும்."

"அப்போ... நீங்க?"

"நான் எதுக்கு?"

கண்டக்டர் நீட்டின தம்ளர் பாதியில நின்னுச்சு.

"அதானே. கடைசி ஸ்டாப்பு வந்தா இறங்கித்தானே ஆகணும்"னு கண்டக்டர் சிரிச்சார். சிரிப்பு சரியா வரல.

மோட்டார் ஓடினா, கருவி வரையுற தண்ணி மட்டக் கோடு கீழ இறங்கிடும். கையும் களவுமாப் பிடிச்சுக் காட்டிட்டுத்தான் மறுவேலைன்னு அளவுக்காரர் செல்போன்ல அந்தக் கோட்டைத் திறந்து விரலால தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

மாசம் பூரா கோடு பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடந்துச்சு.

இறங்கினது ஒரே ஒரு இடத்துல. இன்னிக்குக் காலையில. இவர் வர்றதுக்கு அரை மணி முன்னால.

முப்பது நாளைக்கும் சேர்த்து ஒரே ஒரு தொட்டித் தண்ணி. அதை ரொப்புறதும் இவர் வர்ற நாள்லதான்.

அளவுக்காரர் போனைப் பையில போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ஞ்சு உட்கார்ந்தார்.

"அண்ணே, கருவியைச் சும்மா நம்பிட முடியாது. மாசாமாசம் ஆள் வந்து டேப் விட்டுச் சரிபார்க்கணும்."

"நெசமாவா தம்பி?"

"ஆமா. முந்தின நாளே போன் பண்றேன். மறக்காம மோட்டாரைப் போட்டு வைங்க."