முழு பாட்டிலும் காலி

"முழு பாட்டிலும் காலி. இப்பதான் தூங்குனா."

போனில் புகழேந்தி இப்படிச் சொன்னதும் அஸ்வினிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். நம்பத்தான் முடியவில்லை.

நாலு மாதக் குழந்தை. லீவு முடிந்து வேலைக்குக் கிளம்புமுன் அஸ்வினி ஒரு வாரம் பழக்கிப் பார்த்தாள். சங்கு, ஸ்பூன், மூன்று கம்பெனி பாட்டில். எல்லாவற்றையும் துப்பியது. மாரில் போட்டால்தான் குடிக்கும். அப்பேர்ப்பட்ட மகாராணி, அம்மா வேலைக்குப் போன மூன்றாம் நாளிலிருந்து அப்பா கையால் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறாளாம்!

"எப்டிங்க குடுக்குறீங்க?" என்று கேட்டால், "பொறுமையா குடுத்தா குடிப்பா" என்பான். அப்படியென்றால் பெற்றவளுக்குப் பொறுமை இல்லையா?

"வீடியோ கால் போடுங்க, பாக்கணும்" என்றால், "நெட்டு சரியில்ல" என்று வைத்துவிடுவான்.

இங்கே திண்டிவனத்தில் அவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும். பைக் ஷோரூமில் பில் போடுகிற வேலை. தினம் மூன்று தடவை, டயர் அடுக்கிய ஸ்டோர் ரூமில், ஆயில் நாற்றத்தில் உட்கார்ந்து மெஷின் வைத்துப் பால் எடுக்க வேண்டும். வெளியே கூட வேலை பார்க்கும் ஜெயம் அக்கா காவல். "மேடம் எங்க?" என்று யாராவது கேட்டால், "ஸ்டாக் எடுக்குறாங்க" என்று கூசாமல் சொல்லும்.

எடுத்த பாலை ஐஸ் பையில் போட்டு, விழுப்புரம் பஸ்ஸில் இடிபட்டுக் கொண்டுபோய் பிரிட்ஜில் வைப்பாள். மறுநாள் பகலில் புகழேந்தி அதைக் கொடுக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புகிற ஆள் அவன்.

கொளுத்திப் போட்டது ஜெயம் அக்காதான்.

"ஏம்மா, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்ச ஆம்பளைக்கு எங்கேர்ந்து வரும் பொறுமை? உன் பாலை சிங்க்ல ஊத்திட்டு, பசும்பால்ல சக்கரைய போட்டு குடுத்துக்கினு இருப்பாரு. இனிப்புன்னா புள்ள குடிக்காதா?"

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா சொன்னது மட்டும் நிஜமாக இருந்தால், வேலையை இன்றோடு விட்டுவிடுவது என்று அஸ்வினி முடிவுகட்டினாள். அலைந்து திரிந்து வாங்கிய வேலை. நினைக்கும்போதே அழுகை வந்தது.

சனிக்கிழமை மதியமே பர்மிஷன் போட்டு பஸ் ஏறினாள். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மடியிலிருந்த ஐஸ் பையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, மீனா?"

"ஆமாங்க, பால்சுறா" என்றாள் கடுப்பில்.

வீட்டுக்கு வந்தால், பட்டப்பகலில் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. இந்த வெயிலில் ஜன்னலையும் ஒன்றுவிடாமல் சாத்தியிருந்தான். படபடவென்று தட்டினாள்.

"யாரு?"

"நான்தான். தொறங்க."

புகழேந்தி தாழைத் தொடாமல் உள்ளிருந்தே பேசினான்.

"இன்னா, இந்நேரத்துக்கு வந்துட்ட? ஒரு பத்து நிமிஷம் அப்டிக்கா போயிட்டு வாயேன்."

"என் வூட்டுக்கு வர நான் நேரம் பாத்து வரணுமா? தொறங்க மொதல்ல!"

"கத்தாத. பாப்பா குடிச்சிக்கினு இருக்கா."

"என்னத்த குடிச்சிக்கினு இருக்கா? அதத்தான் நான் பாக்கணும்!"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கூட யார்னா இருக்காங்களா?"

"யாரும் இல்ல!"

"பக்கத்து வூட்டு அண்ணன்?"

"இப்ப தொறக்கிறீங்களா, நான் ஊரைக் கூட்டவா?"

தாழ் விலகியது. ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான் கதவு திறந்தது. சண்டைக்கு வரிந்துகட்டி நுழைந்த அஸ்வினி அப்படியே நின்றுவிட்டாள்.

கபடி டீம் கேப்டன், முறுக்கு மீசைக்காரன், அவளுடைய பச்சைப் பூப்போட்ட நைட்டியில் நின்றுகொண்டிருந்தான். காலையில் குளிக்கப் போகுமுன் அழுக்குக் கூடையில் அவிழ்த்துப் போட்ட நைட்டி. அவன் உடம்புக்கு அது பற்றாமல் அக்குளில் தையல் விட்டிருந்தது. கீழே லுங்கி எட்டிப் பார்த்தது. மார்போடு ஒட்டிக் கிடந்த குழந்தை, நைட்டியின் கழுத்துப் பட்டியை ஒரு கையால் இறுகப் பிடித்தபடி, கண்ணை மூடி, பாட்டிலில் இருந்த அவளுடைய பாலைச் சப்புச் சப்பென்று குடித்துக்கொண்டிருந்தது.

"மொத ரெண்டு நாளு தொண்டத்தண்ணி வத்த கத்துனா அஸ்வினி. என்னா பண்றதுன்னே தெரியல" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல். "வாய தொடைக்க இத்த எடுத்தேன். மோந்து பாத்துட்டு வுடவே மாட்டேன்னுட்டா. போத்திக்கினு குடுத்தா கண்டுபுடிச்சிடறா. அதான் போட்டுக்கினே குடுத்துடறேன்."

ராத்திரியெல்லாம் ஷிப்டில் மெஷினோடு நின்றுவிட்டு வந்த மனுஷனின் கண்கள் சிவந்து கிடந்தன. இவனையா சந்தேகப்பட்டோம் என்று அஸ்வினிக்கு வெட்கமாக இருந்தது. ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாதபடி கதவைத் தானே சாத்தித் தாழ் போட்டாள்.

அவன் அவள் பக்கத்தில் வந்து, குழந்தை விழித்துவிடாமல் கிசுகிசுத்தான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு எல்லாத்தையும் தோய்ச்சிப் போட்டுடாத. திங்கக்கிழமைக்கு ஒரு நைட்டிய அழுக்காவே வுட்டு வை."