பூக்காத உப்பு

“வலியே இல்லாத ஈரலை எதுக்கும்மா அறுக்கணும்?” என்றார் மரக்காணம் உப்பளத் தொழிலாளி தனக்கோடி.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்து சத்யப்ரியா மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். “பாருங்க, இது ஈரல்ல எடுத்த துணுக்கு. புத்துநோயா மாறப்போற செல்லுல மட்டும் நாங்க மேல விடற ஆன்டிபாடிங்கற புரதம் ஒட்டும். ஒட்டின இடம் பழுப்பா தெரியும்.”

குனிந்து பார்த்தார். “உப்பு இன்னும் பூக்கல. ஆனா பாத்தித் தண்ணி நெறம் மாறிடுச்சு. என்னுதாம்மா?”

“உங்களுதும் இப்படித்தாங்க. இது வேற ஆளோடது, போன வருஷம் எடுத்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாச்சு. இப்ப நல்லா இருக்காங்க.”

“வலி வர்றதுக்கு முன்னாடியே அறுத்துக்கிட்ட ஆளா? நேர்ல காட்டு, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

சத்யப்ரியா ஆபரேஷனுக்கான சம்மதத் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

“போடுங்க. உங்க எதிர்லதான் நிக்கறேன்.”