ஹாரன் மாஸ்டரின் ஊசி

முன்பெல்லாம் ஹாரன் மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழக வந்தவர்கள்தான் அழுவார்கள். இப்போது அவர் அழுகிறார்.

டிரைவிங் ஸ்கூலில் அவர் போடுகிற சத்தத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. வீட்டிலும் அதே சத்தம்தான். அது தாங்காமல்தான் ஒரே மகன் தனி வீடு பார்த்துக்கொண்டு போனான்.

அப்புறம் மாஸ்டருக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. அந்தக் கட்டிக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி என்றார் டாக்டர். ஹார்மோன் வந்து உட்காரவென்றே கட்டியின் செல்களில் இடம் இருக்கிறதாம். உட்கார்ந்தால் கட்டி வளருமாம். அதனால் ஊசி போட்டு, ஹார்மோன் சுரப்பதையே நிறுத்திவிடுவார்களாம். வியர்த்துக் கொட்டும், மனசு இளகும், சட்டென்று அழுகை வரும் என்றும் சொல்லி வைத்தார்.

சொன்னபடியே நடந்தது. பழக வந்த பெண் ஒருத்தி காரை ரிவர்ஸ் எடுத்து ஒழுங்காக நிறுத்தியதற்கு மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாள் அவராகவே மகனுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, மேலே பேச வராமல் மனைவியிடம் போனை நீட்டினார்.

அதிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவின் கண் கலங்கிவிடும். "பாழாப்போன ஊசிடா, என்னமா படுத்துது பாரு" என்பார்.

மகன் சிரிப்பான். ஆனால் ஒரு நாள் கிளம்பும்போது அம்மாவிடம் தனியாகச் சொன்னான்.

"இது அப்பா இல்லம்மா, மருந்து. ஊசி நின்னா பழைய ஹாரன் வந்துடும். அதுவரைக்கும் வர்றேன்."

அது அவளுக்கு முள்ளாகத் தைத்தது.

ஆஸ்பத்திரிக்கு எப்போதும் அவர் தனியாகத்தான் போய்வருவார். நீ எதுக்கு அலையணும் என்பார். இந்த முறை அவள் பிடிவாதமாகக் கூடப் போனாள். அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன நேரம் பார்த்து டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். அந்த ஊசியை மட்டும் நிறுத்திடாதீங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எலும்பையே பலவீனமாக்குற ஊசிம்மா அது. எல்லாரும் எப்போ நிறுத்துவீங்கன்னுதான் கேப்பாங்க."

அவளுக்குக் கூசியது. கட்டினவர் உடம்பைவிட மகன் வந்துபோவது பெரிதாகிவிட்டதா? இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் மாஸ்டரின் ஃபைலை எடுத்துப் புரட்டினார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நோய் நன்றாக அடங்கியதால் ஊசிக்கு ஓய்வு கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறதாம். ஹார்மோனும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதாம். இப்போது வெறும் ரத்தப் பரிசோதனைதானாம்.

அவருக்கு வியர்ப்பது நின்றதை அவளும் கவனித்திருந்தாள். உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்போ அந்த அழுகை?"

"அது அவரோடதுதாம்மா. வீட்டுல சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். ஊசி மேல பழியைப் போட்டுட்டு அழறது வசதியா இருக்காம்."

அவள் வெளியே வந்தாள். முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார் மாஸ்டர்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் விரலை விலக்கி, பஞ்சைத் தான் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் ரொம்ப நாளைக்கு ஊசி போடணுமாம். சரின்னுட்டேன்."