எதிர்க்கடைச் சாட்சி

"அவளுக்கு நான் சாட்சி சொல்லணுமா? நல்லாயிருக்கே கதை" என்றபடி கத்திரி அக்கா அழுக்குத் துணியை வாளியில் முக்கினாள்.

களப்பணிப் பெண் நகரவில்லை. வெள்ளத்தில் கடைவீதியையே பறிகொடுத்து முகாமுக்கு வந்தவர்களில் ஒரு டஜன் குடும்பங்கள் அவள் பொறுப்பு. வீடு, மருந்து, பள்ளிக்கூடம், பிழைப்பு என்று அவர்களுக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவதுதான் வேலை. 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. எல்லாரையும் கரையேற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது சுருட்டை மட்டும்தான்.

சுருட்டையும் கத்திரி அக்காவும் எதிரெதிரே அழகு நிலையம் நடத்தியவர்கள். கத்திரி அக்காவுக்கு அந்தப் பெயர் கத்திரிக்கோலால் வந்ததா, வாயால் வந்ததா என்பதில் கடைவீதியில் இரண்டு கட்சி உண்டு. அவளுடையது சொந்தக் கடை. அதனால் மறுவாழ்வு மையம் புதுக்கடை போட்டுத் தர உடனே ஒப்புக்கொண்டது. சுருட்டையுடையது வாடகைக் கடை. கடையும் போயிற்று, வாடகைக்கு விட்ட மனிதரும் வெள்ளத்தோடு போய்விட்டார். அங்கே அப்படியொரு கடை இருந்தது என்று சொல்ல இப்போது ஆள் வேண்டும்.

"இன்னைக்கு சாயங்காலம் மையத்துல குழு கூடுதுக்கா. அதுதான் கடைசி. இதையும் விட்டா சுருட்டைக்குக் கடை கிடையாது. பொண்ணை இழுத்துக்கிட்டுப் போய் அண்ணன் வீட்டு மூலையில முடங்கணும்."

"அவளுக்குத்தான் ஊரெல்லாம் சிநேகிதியாச்சே. அவங்களைக் கூப்பிட்டுக்கோம்மா."

"கூப்பிடாமலா? ரெண்டு பேர் வந்து அவளைத் தலைமேல தூக்கி வச்சு ஆடினாங்க. வேண்டப்பட்டவங்க பேச்சை எடுத்துக்க மாட்டோம்னு குழு திருப்பி அனுப்பிடுச்சு."

குழுவையும் குற்றம் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து சீப்பையே தொடாத ஒருவர் தன் நண்பனைச் சாட்சிக்குக் கூட்டிவந்து முழு சலூனையும் வாங்கிப் போயிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் யாரைத்தான் நம்புவார்கள்?

சுருட்டைக்கும் கத்திரி அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம் என்பதைப் போன வாரம்தான் கத்திரி அக்கா வாயாலேயே களப்பணிப் பெண் கேட்டாள். அன்றிலிருந்து விடாமல் இவள் பின்னால் அலைகிறாள்.

"உங்களுக்கு அவளைப் பிடிக்கவே வேண்டாம்க்கா. அங்க கடை இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தை போதும். நீங்க வர்றவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கத்திரி அக்கா துணியை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள்.

"சரி, வர்றேன். ஆனா எனக்கு வாய்க்கு வந்ததைத்தான் பேசத் தெரியும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

விண்ணப்பித்தவர் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் சுருட்டை தன் கூடாரத்திலேயே காத்திருந்தாள். மாடிக் கூடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் தலைவர்.

"எனக்கா? அவ என்னைப் பிடிச்ச சனி."

களப்பணிப் பெண் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"என் கடைப் படியில காலை வச்சவளை, 'இங்க வாங்க, இங்க ஃபேன் இருக்கு'ன்னு கூப்பிட்டு இழுத்துடுவா. கல்யாணப் பொண்ணு ஒருத்தியாவது என் பக்கம் திரும்பினாளா? அத்தனையும் அவகிட்டதான். செவுத்துக்கு ரோஸ் கலர் பெயிண்ட், வாசல்ல ஆளுயரக் கண்ணாடி. சாயங்கால வெயில் அதுல பட்டு நேரா என் கண்ணுல அடிக்கும். கேட்டா, 'திரை போட்டுக்கங்க'ன்னா. வெட்டின முடியைக் கூட்டி என் வாசப்பக்கமே தள்ளுவா. சுத்தற நாற்காலி ரெண்டு வாங்கிட்டு அந்தப் பீத்தல் பீத்தினா. திருடி. என் பொழப்பையே திருடினவ. அவளுக்குப் போய் கடை குடுப்பீங்களா? குடுத்துப் பாருங்க, மறுபடியும் என் எதிர்லதான் வந்து உக்காருவா."

"அக்கா, போதும்" என்று களப்பணிப் பெண் கையைப் பிடித்து இழுத்தாள். கத்திரி அக்கா உதறிவிட்டாள். இவளைக் கூட்டிவந்த என்னைச் சொல்ல வேண்டும் என்று களப்பணிப் பெண் நொந்துகொண்டாள்.

"எத்தனை வருஷமா இந்தத் தொல்லை?" என்று கேட்டார் தலைவர்.

"என் பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம் கடையைத் திறந்தா. இப்போ அவனுக்கு மீசையே வந்தாச்சு."

பக்கத்திலிருந்த பெண் உறுப்பினர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இவ்வளவு வயித்தெரிச்சலை யாராலயும் ஜோடிச்சுச் சொல்ல முடியாது சார்."

தலைவர் தலையாட்டினார். "கடை இருந்திருக்கு. நல்லாவும் ஓடியிருக்கு. குடுத்துடலாம்."

"இதென்ன அநியாயம்" என்று மேசையைத் தட்டிவிட்டுக் கத்திரி அக்கா விடுவிடுவென்று வெளியேறினாள்.

களப்பணிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவிடம் நன்றி சொல்லி, வேண்டிய கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள். முதலில் சுருட்டையிடம் சொல்ல வேண்டும். அப்புறம் கத்திரி அக்கா காலில் விழுந்தாவது அவளைச் சமாதானப்படுத்த வேண்டும்.

சுருட்டையின் கூடாரத் திரையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கத்திரி அக்கா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தாள். சுருட்டை அவளுக்குத் தலை பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"திருடின்னு கூடவா சொன்னே? நேத்து ஒத்திகை பார்த்தப்போ அது இல்லையேக்கா."

"ஒரு வேகத்துல வந்துடுச்சுடி. கோவிச்சுக்காதே."