ஞாயிறுதோறும் நிற்கும் வண்டி

"நாலு மணிக்கு வாங்கறவர் வர்றார். இந்த நீல வண்டி இன்னையோட போயாகணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள் அக்கா.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவள் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். ஆனால் தன் பழைய காரைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஞாயிறு தவறாமல் நின்றுவிடும். உடனே அவள் தம்பிக்குப் போன் போகும்.

தம்பி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவியைப் பறிகொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறவனை வாராவாரம் இப்படி அலைக்கழிக்கலாமா?

"உன் தம்பியோட வெள்ளை வண்டிக்கு இது எதுல குறைச்சல்?" என்றார் அவர்.

அதையும் பார்த்துவிடலாம் என்று தம்பியை வரச் சொன்னார்கள். இரண்டு காருக்கும் முப்பத்தைந்து வயது. அக்கா நீலத்தின் பின் சீட்டில் கடவுளை வேண்டிக்கொண்டே உட்கார்ந்தாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் நீலம் ஒரே மூச்சில் ஏறியது. வெள்ளை பாதியிலேயே கியரை மாற்றி முனகியது. பள்ளிக்கூடத்து வளைவில் வெள்ளை வழுக்கிக்கொண்டு திரும்பியது; நீலத்தின் ஸ்டியரிங்கை ஒடிக்க அவர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் தம்பி கேட்டான். "ஏன் அத்தான், கார் ஓட்டினீங்களா, கிணத்துல தண்ணி இறைச்சீங்களா?"

"போ மாப்ளே. அந்த மேட்டுல உன் வண்டிக்கு இறங்கித் தள்ளிவிடலாமான்னு பார்த்தேன்."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அக்காவுக்கு அந்தச் சிரிப்பே போதுமென்றிருந்தது. ஆனால் பராமரிப்பு என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளை இந்த வருஷம் ஒரு நாள்கூட நின்றதில்லை. நீலம் தோற்றது.

தம்பி உள்ளே கை கழுவப் போனான். டீயோடு வாசலுக்கு வந்த அக்கா அப்படியே நின்றாள். வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கி, உள்ளே ஒரு வயரைக் கழட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மெதுவா பேசு" என்றார், சர்க்கரை டப்பாவில் கை விட்ட குழந்தை மாதிரி. "வண்டி ஓடுச்சுன்னா டீயைக் குடிச்சிட்டுப் போய் மறுபடி கதவைச் சாத்திக்குவான். நின்னாத்தான் மத்தியானம் சாப்பிட உட்காருவான். எப்படியும் நாலு மணிக்கு வண்டி போயிடும். இந்தக் கடைசி ஞாயிறும் சாப்பிட்டுட்டுப் போகட்டுமே."

அப்படியானால் இத்தனை ஞாயிறும்?

அக்கா உள்ளே போய், வாங்க இருந்தவருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரிசியில் இன்னும் ஒரு கைப்பிடி கூடப் போட்டாள்.

தம்பி ஒரு மணி நேரம் கோளாறைத் தேடிக் கண்டுபிடித்தான். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பும்போது, வழியனுப்ப வந்த அக்காவின் காதோரம் குனிந்தான்.

"அக்கா, அடுத்த வாரமாவது அத்தானை வேற வயரைக் கழட்டச் சொல்லேன். முப்பது ஞாயிறா அதே வயரு. தெரியாத மாதிரி தேடித் தேடி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு."