பதினாலாம் நிலை

“ஆமா, நான்தான் வெளாண்டேன். கொலையா பண்ணிட்டேன்?”

செண்பகவல்லி இதைக் கத்திய கத்தலில் தெருவில் மூன்று மிக்ஸிகள் நின்றன.

மாடிவீட்டுப் பேச்சியம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். துணி காயப்போட ஆளுக்கொரு வாளியோடு சிலர் வாசலுக்கு வந்தார்கள். வாளியில் துணி இருந்ததா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே அவள் புருஷன் லேப்டாப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். ஆயிரம் இலைக்கும் சாமான் பட்டியலைத் தலையிலேயே வைத்திருந்தவர். போன தையில் மூளையில் ரத்தம் கட்டியது. கை தப்பித்தது, கால் தப்பித்தது. வரிசைதான் போய்விட்டது. எதற்குப் பின் எது என்பது.

மாத்திரையோடு கம்ப்யூட்டர் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். திரையில் ஒரு மளிகைக் கடை. பத்துச் சாமான் வரும், மறையும். வந்த வரிசையில் எடுத்துக் கூடையில் போட வேண்டும்.

அவருக்கே மளிகையில் பரீட்சை. தெரு சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டுதான்.

மொத்தம் இருபது நிலை. பன்னிரண்டைத் தாண்டினால் அடுப்படிக்குப் போகலாம் என்றாள் பயிற்சி கொடுக்கிற பெண்.

மூன்று மாதம் நாலிலேயே நின்றார்.

வைகாசியில் ஏறத் தொடங்கியது. ஆறு. ஒன்பது. பதினாலு.

சாயங்காலமானால் செண்பகவல்லி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவாள். “பாருங்க, ஒங்க மார்க்கு.”

விளையாடிய ஞாபகமே அவருக்கு இருக்காது. அந்தப் பழியையும் நோயின் மேல் போட்டார். தலை மறந்தாலும் கை மறக்கவில்லை என்று பூரித்தார்.

பதினாலை டீக்கடையில் சொன்னார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார். முடிவெட்டப் போன இடத்தில், கழுத்தில் கத்தி இருக்கும்போதும் சொன்னார்.

அந்தப் பதினாலை நம்பித்தான் கோமதிநாயகம் வீட்டுக் கல்யாணத்தின் மறுநாள் விருந்துக்குச் சொதி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுகிற சொதி.

செண்பகவல்லி தடுத்தாளா? “மெதுவா பாத்துக்கலாமே” என்றாள். ஒரே ஒரு தரம்.

சொதிக்கு உயிரே வரிசைதான். மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய் வேக வேண்டும். பிறகு இரண்டாம் பால். கெட்டியான முதல் பால் கடைசியில், அடுப்பை அணைக்கிற நேரத்தில். எலுமிச்சை அதற்கும் பிறகு, சூடு ஆறியபின்.

அவர் கெட்டிப்பாலை ஊற்றிக் காயை வேகவைத்தார். கொதிக்கக் கொதிக்க எலுமிச்சையைப் பிழிந்தார்.

முந்நூறு பேருக்கான சொதி திப்பி திப்பியாகத் திரிந்து நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் கௌரவமானவர்கள். இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு மோர்ச்சோறு தின்று எழுந்தார்கள். “ருசி ஒண்ணும் கெடல அண்ணாச்சி” என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் இலையிலும் சொதி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினாலாம் நிலையில் இருக்கிற தலை சொதியை எப்படித் திரியவைக்கும் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான்.

பயிற்சிப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள். “காலையில பண்றதுல நாலுதான் சார் வருது. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பண்றீங்கல்ல, அதுலதான் பதினாலு. மத்தியானம் செம சுறுசுறுப்பு நீங்க.”

மத்தியானம் ஒன்றரைக்கு மாத்திரை. ஒன்றே முக்காலுக்கு அவர் குறட்டை எதிர்வீட்டுக்குக் கேட்கும். நாலு மணிக்குத்தான் கண் திறப்பார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதை மட்டும் வரிசை பிசகாமல் யோசித்தார்.

வந்ததும் கேட்டார். செண்பகவல்லியும் மறைக்கவில்லை.

“நாலு நாலுன்னு அதுலயே நின்னுச்சு. பொழுது சாஞ்சா பிள்ளை மாதிரி தேம்புதிய. ஒருநா மனசு கேக்காம நான் போட்டேன். நீங்க சிரிச்சிய. பெறவு நான் எப்படி நிறுத்த?”

வாசலில் பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிஷமே அவள் செண்பகவல்லி கட்சி.

அவர் குரல் இறங்கிவிட்டது. வாளிக்காரர்கள் ஓரடி முன்னால் வர வேண்டியிருந்தது.

“மறந்துபோறவன ஏமாத்த லேசு. என்ன செண்பகம்?”

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மிக்ஸிகள் ஓடத் தொடங்கின.

ஆவணியில், முன்பே பேசி வைத்தபடி, மகள் சங்கரிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. சமையலுக்கு வள்ளியூர்க்காரர் வந்தார். பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு வாசலில் நின்று கும்பிட்டார். அடுப்படிப் பக்கம் தலை வைக்கவில்லை. பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசியதாக யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லாமலில்லை.

ஐப்பசியில் செண்பகவல்லி ஓசூருக்குப் போனாள். மகளுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற போட்டோ பேச்சியம்மாள் போனில் வந்தது. தெருவே வாங்கிப் பார்த்தது.

மார்கழியும் வந்துவிட்டது. அவள் வரவில்லை.

அவர் தானே பொங்கிச் சாப்பிடுகிறார். காலையில் பல் தேய்த்ததும் லேப்டாப். மூன்று. நாலு. மூன்று. ஒருநாள் ஐந்து.

பயிற்சி முடிந்த கையோடு மார்க் வீட்டில் ஒருவருடைய போனுக்குப் போய்விடும். செண்பகவல்லி நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அம்மா ஊரில் இல்லையே, உங்கள் நம்பருக்கே மாற்றிவிடட்டுமா என்று ஆஸ்பத்திரிப் பெண் கேட்டாள்.



“வேண்டாம்மா. அங்கயே போவட்டும்.”