உலகத்திலேயே ஒரே கார்

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில், பழைய அமெரிக்கப் பந்தயக் கார்களின் ரசிகர்கள் சுவிற்சர்லாந்தின் டீட்டிகோன் நகரில் கூடியிருந்தார்கள். அபூர்வமான காரொன்றைப் பற்றி மிகச் சிறந்த ஞாபகத்தைச் சொல்பவருக்கு, வாசலில் நின்ற சிவப்புப் பந்தயக் காரில் ஒரு சுற்று. அதில் ஏறாவிட்டால், அங்கே வந்திருந்த தம்பிராசா ஒரு வாரம் சோறு தொடமாட்டார் என்று மனைவி அழகிப்பிள்ளைக்குத் தெரியும்.

தம்பிராசா எழுந்தார். ஐம்பத்தெட்டில் திருகோணமலைத் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பலொன்று இறக்கிய வெள்ளை 'டெக்சஸ் தண்டர்' பற்றி ஜெர்மனில் விளாசினார். உலகத்திலேயே ஒன்றுதான் செய்தார்களாம். அது ஓடினால் கடற்கரைக் காகங்களெல்லாம் பின்னால் இழுபட்டுப் போகுமாம். சபை வாயைப் பிளந்தது.

அப்போது கெல்லர் என்ற கிழவர் எழுந்தார்.

"அதே கார் பிறகு பேர்னுக்கு வந்தது. நான்தான் ஓட்டினேன். பாவம், அதன் இடது கதவு திறக்காது!" என்று கண்கலங்கினார்.

பரிசு கெல்லருக்குப் போயிற்று.

திரும்பும் ரயிலில் அழகிப்பிள்ளை பொரிந்தாள்.

"அந்தாள் புளுகுது! நீங்கள் ஏனப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்? எழும்பிப் பொய்யெண்டு சொல்லியிருக்கலாமெல்லோ?"

"எப்பிடியப்பா சொல்லுறது? அந்தக் காரை நானே இண்டைக்குக் காலமை குளிக்கேக்கைதானே செய்தனான்."